குறுந்தொகையில் பறவைகள்: ஒரு மாணவியின் கட்டுரை திருத்தப்பட்ட விதம்

பின்னணி

தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படித்த மாணவி ஒருவர், தன் துறை நடத்தவிருந்த கருத்தரங்குக்காக ‘குறுந்தொகையில் பறவைகள்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதியிருந்தார். வாசிக்கப்படும் கட்டுரைகளை ஐ.எஸ்.பி.என். எண்ணுடன் தொகுப்பு நூலாகக் கொண்டுவருவதாகத் துறை அறிவித்திருந்தது. அதே கட்டுரைக்கு அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் உண்டு.

வழிகாட்டி ஆசிரியரிடம் அந்தப் பருவத்தில் கட்டுரைகள் குவிந்து கிடந்தன. இதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பிழை நிறைய இருக்கு, யார்கிட்டயாவது கொடுத்துத் திருத்திக்கோ” என்று சொல்லியிருக்கிறார். பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன் என்பதால், தெரிந்தவர் ஒருவர் வழியாக மாணவி என்னிடம் வந்தார். வீட்டில் முதல் பட்டதாரி. சொந்தமாகக் கணினி இல்லை. கட்டுரை முழுவதையும் கைபேசியிலேயே தட்டியிருந்தார். பாடல்களை இணையத்திலிருந்து கொஞ்சம், மூத்த மாணவர் ஒருவரின் குறிப்பேட்டிலிருந்து கொஞ்சம் என்று எடுத்திருந்தார். கல்லூரி நூலகத்தில் குறுந்தொகைப் பதிப்பு இருந்தது. அதை அவர் அதுவரை எடுத்துப் பார்க்கவில்லை.

அவர் கேட்டது ஒன்றுதான்: “ஒற்றுப்பிழை மட்டும் பார்த்துக் குடுங்க மேடம், போதும்.”

முதல் வாசிப்பில் தெரிந்தவை

பேனாவைத் தொடாமல் ஒருமுறை முழுக்கப் படித்தேன். முதல் வாசிப்பில் பிழை குறிக்க ஆரம்பித்தால் கண் எழுத்திலேயே நின்றுவிடும், கட்டுரை என்ன சொல்கிறது என்பது பிடிபடாது.

கட்டுரை ஒரு பட்டியலாக இருந்தது. குருகு (கொக்கு போன்ற நீர்ப்பறவை), குருவி, கோழி, காக்கை என்று உட்தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் பாடல் அடிகள், அவற்றின் பொருள், கடைசியில் ஒரு முடிப்பு வரி: “இதன்மூலம் சங்க கால மக்கள் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என்பது புலனாகிறது.” குருகுக்கும் அதே வரி, காக்கைக்கும் அதே வரி. ‘புலனாகிறது’ சில இடங்களில் ‘அறியமுடிகிறது’ என்றும் ‘எனலாம்’ என்றும் மாறியிருந்தது, அவ்வளவுதான். தமிழ்த் துறைகளில் இந்த அமைப்பு வழிவழியாக வருகிறது. ‘இன்ன நூலில் இன்ன பொருள்’ என்று தலைப்பு வைத்துத் திரட்டித் தருவதே ஆய்வு என்று மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. அவர் கற்றதைச் சரியாகத்தான் செய்திருந்தார்.

தகவல் பிழைகளும் இருந்தன. குறுந்தொகையில் 400 பாடல்கள் என்று எழுதியிருந்தார். நானூறு என்பது மரபில் வரும் வழக்கு. இன்று நம் கையில் இருப்பது, கடவுள் வாழ்த்து நீங்கலாக, 401 பாடல்கள். 4 முதல் 8 அடி வரை என்பது பொது வரையறை. 307, 391 ஆகிய இரண்டு பாடல்கள் மட்டும் 9 அடியில் இருக்கின்றன. அவர் ‘எல்லாப் பாடல்களும்’ என்று எழுதியிருந்தார்.

இதைவிடச் சங்கடமான ஒன்று, ‘பேராசிரியர் உரையின்படி’ என்ற தொடர். குறுந்தொகைக்குப் பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியர் உரை எழுதினார், அவர் விட்ட 20 பாடல்களுக்கு நச்சினார்க்கினியர் எழுதினார் என்று பழைய குறிப்பு உண்டு. அந்த உரைகள் கிடைக்கவில்லை. கிடைக்காத உரையிலிருந்து ஒரு மாணவி மேற்கோள் காட்டுகிறார் என்றால் தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். விசாரித்தபோது, அவர் சொன்ன ‘பேராசிரியர்’ ஒரு வழிகாட்டி நூலை எழுதிய இக்காலக் கல்லூரி ஆசிரியர் என்று தெரிந்தது.

மூன்றாவது, நடை மாறும் இடம். ஐந்தாம் பக்கத்தில் திடீரென்று ‘ஈண்டு’, ‘அறியற்பாலது’, ‘என்க’ என்று ஒரு பத்தி. முன்னும் பின்னும் இல்லாத நடை. அது யாருடைய பத்தி என்று அவரிடம் நேரடியாகவே கேட்டேன், குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. குறிப்பேட்டில் இருந்ததாகச் சொன்னார். குறிப்பேட்டை எழுதிய மூத்த மாணவர் எங்கிருந்து எடுத்தார் என்பது அவருக்குத் தெரியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் கருத்துத் திருட்டு பற்றிப் பேசுகின்றன, ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் நடவடிக்கை என்கின்றன என்பதெல்லாம் அவர் கேள்விப்படாத செய்தி. அந்தப் பத்தியை எடுத்துவிடுவது என்று அங்கேயே முடிவாயிற்று.

எது என் வேலை, எது அவருடைய வேலை

ஒற்றுப்பிழையை மட்டும் திருத்திக் கொடுத்திருக்கலாம். ஒரு மாலை போதும். கட்டுரை பிழையில்லாமல் இருந்திருக்கும், சொல்வதற்கு ஒன்றும் இல்லாமலும் இருந்திருக்கும். அதற்கு நேர் எதிராக, நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தால் நல்ல கட்டுரை வந்திருக்கலாம், ஆனால் அது மாணவியின் கட்டுரை ஆகாது. மதிப்பெண் பெறப்போகிறவர் அவர், மேடையில் நின்று பதில் சொல்லப்போகிறவரும் அவர்.

வழிகாட்டி ஆசிரியரிடம் தொலைபேசியில் பேசினேன். கருத்து, அமைப்பு இரண்டிலும் நான் கேள்வி மட்டும் கேட்பேன், பதிலை மாணவி எழுதுவார். எழுத்து, ஒற்று, எழுவாய்-பயனிலை இயைபு ஆகியவற்றில் பிழை இருக்கும் இடத்தைக் குறிப்பேன், ஏன் பிழை என்றும் சொல்வேன், திருத்தி எழுதுவது அவர். மேற்கோள்களை இருவரும் சேர்ந்து நூலோடு ஒப்பிடுவோம். இதற்கு ஆசிரியர் சரி என்றார். தலைப்பை மட்டும் மாற்றக் கூடாது, அழைப்பிதழில் அச்சாகிவிட்டது என்றார்.

வரிசையையும் அப்போதே தீர்மானித்தோம்: முதலில் கருத்து, அடுத்து மேற்கோள், ஒற்று கடைசி. நீக்கப்போகும் பத்தியில் ஒற்றுத் திருத்துவது வீண் வேலை. அதைவிட முக்கியமான காரணம், பாடுபட்டுத் திருத்திய பத்தியை வெட்ட யாருக்கும் மனம் வராது.

பட்டியலைக் கலைத்தது

மாணவியிடம் நூலகத்துப் பதிப்பை எடுத்து வரச் சொன்னேன். கட்டுரையை மூடி வைத்துவிட்டு, அவர் எடுத்தாண்ட பாடல்களை மட்டும் ஒரு தாளில் அட்டவணையாக எழுதினோம்: பாடல் எண், புலவர், யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், பறவை என்ன செய்கிறது. அகப்பாடலில் கூற்று தெரியாமல் பொருள் சொல்வது ஆபத்து. அவர் எழுதியிருந்த விளக்கங்களில் ‘தலைவி கூறுகிறாள்’ என்பது எல்லாப் பாடலுக்கும் பொதுவாக இருந்தது.

முதல் தவறு அங்கேயே அகப்பட்டது. 210ஆம் பாடல், காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. விருந்து வரக் கரைந்த காக்கைக்கு, நள்ளி என்ற வள்ளலின் கானத்து நெய்யையும் தொண்டி என்ற ஊரின் வெண்ணெல் சோற்றையும் ஏழு கலத்தில் ஏந்திக் கொடுத்தாலும் சிறிதுதான் என்று சொல்லும் பாட்டு. ‘தலைவன் வந்த மகிழ்ச்சியில் தலைவி காக்கைக்கு நன்றி கூறுகிறாள்’ என்று மாணவி எழுதியிருந்தார். சொல்பவள் தோழி. பிரிந்து போய்த் திரும்பிய தலைவன், நீ இவளை நன்றாக ஆற்றுவித்தாய் என்று தோழியைப் பாராட்டுகிறான். அதற்கு அவள் சொல்லும் பதில் இது.

“அப்போ அவன் முகத்துக்கு நேராச் சொல்றா” என்றார் மாணவி. கொஞ்ச நேரம் பாடலையே பார்த்துக்கொண்டிருந்தார். “‘என் தோழி பெருந்தோள் நெகிழ்த்த செல்லல்’னு அவ பட்ட துன்பத்தையும் வேற சொல்றா. இது நன்றி இல்ல மேடம், குத்திக் காட்டுறா.”

கட்டுரை உண்மையில் அந்த இடத்தில்தான் தொடங்கியது. அதற்கப்புறம் நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. மற்றப் பாடல்களிலும் அதே கேள்வியைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன்: பறவையைப் பற்றிச் சொல்வது போலத் தோன்றும் இடத்தில், உண்மையில் யாரைப் பற்றிச் சொல்கிறார்கள்?

107ஆம் பாடலில் தலைவி சேவலைச் சபிக்கிறாள். பொருள் தேடித் திரும்பி வந்தவனோடு இனிய உறக்கத்தில் இருந்தவளை அது எழுப்பிவிட்டது. நள்ளிருளில் வீட்டெலி பார்த்துக்கொண்டிருக்கும் காட்டுப்பூனைக் குட்டிக்கு நீ வைத்துத் தின்னும் இரையாகப் போ என்கிறாள். கோபம் அத்தனையும் சேவல்மேல். பிரிந்து போயிருந்தவன்மேல் அந்தக் கோபம் போகவில்லை.

25ஆம் பாடல், கபிலருடையது. யாரும் இல்லை, அவன் ஒருவன்தான் இருந்தான், அவன் பொய்த்தால் நான் என்ன செய்வேன் என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள். பிறகு, அவன் மணந்த அன்று, தினைத்தாள் போன்ற சிறு பசுங்கால்களோடு ஓடும் நீரில் ஆரல் மீன் பார்த்துக்கொண்டு ஒரு குருகும் இருந்தது என்கிறாள். குருகு பார்த்தது மீனை, அவர்களை இல்லை. சாட்சி இருந்தும் சாட்சி இல்லை. இது உரைகளில் பேசப்பட்ட செய்திதான், புதிய கண்டுபிடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மாணவி அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்: 25இல் குருகு ‘ஆரல் பார்க்கும்’, 107இல் வெருகு, அதாவது காட்டுப்பூனை, ‘இல்லெலி பார்க்கும்’. இரண்டு இடத்திலும் பார்ப்பது வேட்டைக் கண். இதை வைத்து அவர் எழுதிய அரைப் பக்கம்தான் கட்டுரையிலேயே சிறந்த பகுதி. குறிப்பேட்டிலும் வழிகாட்டி நூலிலும் இல்லாத பகுதியும் அதுதான்.

இப்படி, ‘ஆணிடம் நேராகச் சொல்ல முடியாததைப் பறவைமேல் ஏற்றிச் சொல்வது’ என்ற ஒரு வாதம் கிடைத்தது. ஒன்று மட்டும் இடித்தது. 46ஆம் பாடலில், ஆம்பல் பூவின் வாடல் போன்ற கூம்பிய சிறகோடு வீட்டுக் குருவி முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்று, மன்றத்து எருவின் தூளில் குடைந்தாடி, வீட்டுக் கூரை இறவாரத்தில் தன் குஞ்சோடு தங்குகிறது. அவர் சென்ற நாட்டில் இப்படிப்பட்ட மாலையும் தனிமையும் இல்லையா தோழி என்கிறாள் தலைவி. இங்கே குருவிமேல் எந்தக் கோபமும் இல்லை, பழியும் இல்லை. வாதத்துக்குள் அடங்கவில்லையே, வைப்பதா எடுப்பதா என்று கேட்டார். நீயே முடிவு செய் என்றேன். எடுக்கவில்லை. ‘எல்லாப் பாடலும் இவ்வாறு அமையவில்லை’ என்று தொடங்கி, மாறுபட்ட சான்றாகவே அதை வைத்தார். வாதத்துக்கு ஒத்துவராத பாடலை மறைக்காமல் வைத்தது கட்டுரைக்கு நேர்மையைக் கொடுத்தது.

157ஆம் பாடல்

மிகுந்த நேரம் பிடித்தது நான்கே அடியுள்ள இந்தப் பாட்டு. அள்ளூர் நன்முல்லையார் பாடியது.

குக்கூ என்றது கோழி அதன்எதிர்
துட்கென் றன்றுஎன் தூய நெஞ்சம்
தோள்தோய் காதலர்ப் பிரிக்கும்
வாள்போல் வைகறை வந்தன்றால் எனவே.

‘தலைவன் பொருள் தேடச் செல்ல இருப்பதால் தலைவி விடியலை வெறுக்கிறாள்’ என்று மாணவி எழுதியிருந்தார். பாடலில் பொருள் தேடும் பயணம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பதிப்பில் பாடலோடு வரும் கூற்றுக் குறிப்பு ‘பூப்பெய்திய தலைமகள் உரைத்தது’ என்கிறது, அதாவது மாதப் பூப்பு வந்த தலைவி சொன்னது. அட்டவணையில் அந்தக் கட்டத்தை மட்டும் அவர் காலியாக விட்டிருந்தார்.

ஏன் என்று கேட்டேன். வகுப்பில் இந்தப் பாடலை வேகமாகக் கடந்துவிட்டார்களாம். குறிப்பைத் தானும் பார்த்ததாகச் சொன்னார். “இதை எழுதலாமா மேடம்? கருத்தரங்குல எல்லாரும் இருப்பாங்க.”

“பதிப்பிலேயே அச்சாகி இருக்கும்மா. பாடலோட சேர்ந்தே வந்த பழைய குறிப்பு. நீ அதை ஏத்துக்கலாம், மறுக்கலாம். பார்க்காத மாதிரிப் போக முடியாது.”

இந்த இடத்தில் நான் கேள்வியோடு நிற்காமல் கொஞ்சம் விளக்கவும் செய்தேன். கூற்றுக் குறிப்பைப் புலவரே எழுதினார் என்று கொள்ளத் தேவையில்லை, தொகுத்தவர்கள் சேர்த்திருக்கலாம் என்பதே பலரின் கருத்து. அப்படியானால் பாடல் மட்டும் என்ன சொல்கிறது, குறிப்பு என்ன கூட்டுகிறது என்று பிரித்து எழுதலாம். பாடல் சொல்வது: கோழி கூவியது, நெஞ்சு துணுக்குற்றது, காதலரைப் பிரிக்கும் வாள் போல விடியல் வந்துவிட்டது. குறிப்பு கூட்டுவது: அந்தப் பிரிவுக்குக் காரணம் மாதப் பூப்பும், அந்த நாள்களில் விலகியிருக்கும் வழக்கமும்.

மாணவி இரண்டையும் எழுதினார். எழுதிவிட்டுத் தன் வாதத்தோடு பொருத்தினார்: குறிப்பை ஏற்றுக்கொண்டால், தலைவி வாய்விட்டுச் சொல்லாத காரணம் தன் உடல் பற்றியது, அதைக் கோழியின் குரலும் விடியலும் சுமக்கின்றன. குறிப்பை ஏற்காவிட்டாலும், பிரிவின் பழி விடியலின்மேல்தான் விழுகிறது. இரண்டு வாசிப்பிலும் தன் வாதம் நிற்கிறது என்று ஒரு வரியில் முடித்திருந்தார். ‘மாதவிடாய்’ என்ற சொல்லை முதல் வரைவில் எழுதி அடித்திருந்தார், இரண்டாவதில் அடிக்கவில்லை. சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் நான் தலையிடவில்லை.

வழிகாட்டி ஆசிரியருக்கு இந்தப் பகுதியை மட்டும் முன்கூட்டியே அனுப்பச் சொன்னேன். மேடையில் முதல்முறை கேட்டு அவர் சங்கடப்பட்டால் பாதிப்பு மாணவிக்குத்தான். அவர் படித்துவிட்டு, பதிப்பின் பக்க எண்ணை அடிக்குறிப்பில் கொடுத்துவிடு என்று மட்டும் சொன்னார்.

மேற்கோள்களை ஒப்பிட்டது

கைபேசி விசைப்பலகை பழந்தமிழைப் படுத்தும் பாட்டைச் சொல்ல வேண்டும். சொல்லை முடிப்பதற்குள் அதுவே ஒரு சொல்லைக் காட்டும், விரல் தன்னை அறியாமல் அதைத் தொடும். ‘சிறுபசுங் கால’ என்பது ‘சிறுபசுங் காலம்’ ஆகியிருந்தது. ‘யானெவன் செய்கோ’ என்பது ‘யானெவன் செய்க’ ஆகியிருந்தது. இணையத்திலிருந்து ஒட்டிய அடிகளில் வேறு வகைப் பிழைகள்: பழைய அச்சுப் பக்கத்தை இயந்திரம் படித்ததால் ‘தினைத்தாள்’ என்பது ‘தினைத்தான்’ என்று இருந்தது. துணைக்காலுக்குப் பதில் ரகரம் விழுந்து ‘காக்கை’ ஓரிடத்தில் ‘கரக்கை’ ஆகியிருந்தது. ‘ஔவையார்’ என்ற பெயரில் ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தனித்தனியாக நின்றன. திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அந்தப் பெயரைத் தேடினால் மட்டும் கிடைக்காது.

பிழை திருத்தும் மென்பொருளால் இதில் பயன் இல்லை. அது ‘தினைத்தான்’ என்பதை ஒரு சொல்லாக ஏற்கும், ‘செய்கோ’ என்பதன்கீழ்ச் சிவப்புக் கோடு போடும். ஆகவே பழைய அச்சகங்களின் வழியையே எடுத்துக்கொண்டோம்: படிக்க ஒருவர், பார்க்க ஒருவர். நூலைப் பார்த்து நான் எழுத்து எழுத்தாகப் படிக்க, அவர் கட்டுரையில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். ‘தினைத்தா, ள், ஒற்று ளகரம்’ என்று சொல்லிச் சொல்லிப் படிப்பது அலுப்பான வேலைதான். வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியாது.

25இன் கடைசி அடியில் நின்றோம். ‘குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே’ என்று சேர்த்து அச்சிட்டிருந்ததை அவர் இன்றைய பேச்சுப்படி ‘இருக்கத்தான் செய்தது’ என்ற அழுத்தமாகப் படித்திருந்தார். அந்தத் ‘தான்’ தலைவன். முதல் அடியின் ‘தானே கள்வன்’, இரண்டாம் அடியின் ‘தானது பொய்ப்பின்’ என்ற அதே ‘தான்’தான் இங்கும் வருகிறது. பிரித்துப் படித்ததும் விளக்கத்தில் ஒரு பத்தி மாறிற்று.

சந்தி பிரித்த பாடமா, பிரிக்காத பாடமா என்பதையும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அவர் கட்டுரையில் இரண்டும் கலந்திருந்தன. கேட்பவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று சந்தி பிரித்த பாடத்தையே தேர்ந்தெடுத்தார், எல்லாப் பாடலையும் ஒரே பதிப்பிலிருந்து எடுத்தார், எந்தப் பதிப்பு என்பதை முதல் அடிக்குறிப்பில் சொன்னார். குறுந்தொகை அச்சான வரலாற்றை இரண்டு வரியில் சேர்க்க விரும்பினார். சௌரிப்பெருமாள் அரங்கன் 1915இலும் உ.வே.சா. 1937இலும் பதிப்பித்ததைச் சேர்த்துக்கொண்டார். முதல் வரைவில் முதல் பதிப்பே உ.வே.சா.வுடையது என்று இருந்தது.

ஒற்றும் மற்றவையும்

கடைசியாக, அவர் முதலில் கேட்டு வந்த வேலை. இதற்குள் கட்டுரையில் பாதிக்கு மேல் புதிதாக எழுதப்பட்டுவிட்டதால், பழைய பிழைகளில் பல தாமாகவே போயிருந்தன.

விதி விதியாகப் பாடம் நடத்தாமல் அவருடைய கட்டுரையில் இருந்த ஓர் அடியையே எடுத்துக்கொண்டேன்: ‘விருந்துவரக் கரைந்த காக்கையது பலியே’. அவர் இதை ‘விருந்துவர கரைந்தக் காக்கையது’ என்று தட்டியிருந்தார். மிக வேண்டிய இடத்தில் மிகவில்லை, மிகக் கூடாத இடத்தில் மிகுந்திருந்தது. ‘வர’ என்பது வினையெச்சம், அதன்பின் வல்லினம் மிகும். ‘கரைந்த’ என்பது பெயரெச்சம், அதன்பின் மிகாது. இந்த ஓர் அடியை மனப்பாடமாக வைத்துக்கொண்டால், சந்தேகம் வரும்போது சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம். ‘வந்தப் பறவை’, ‘கூறியக் கருத்து’, ‘பாடியப் புலவர்’ என்று கட்டுரை நெடுகக் கிடந்தவற்றை அவரே அடித்துக்கொண்டு போனார்.

இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் மிகுவதும் (‘பாடலை படித்து’ என்று எழுதியிருந்தார்), ‘பல’, ‘சில’ என்பவற்றுக்குப் பின் மிகாததும் அதே முறையில் முடிந்தன. ‘பறவைகள் இடம்பெறுகிறது’ என்ற ஒருமை-பன்மைப் பிழை மட்டும் கடைசி வரை வந்துகொண்டே இருந்தது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையில் மேற்கோள் புகுந்து வாக்கியம் நீண்டுவிட்டால் காது ஏமாந்துபோகிறது. நீண்ட வாக்கியங்களை இரண்டாக உடைத்த பிறகுதான் அது குறைந்தது.

அவருடைய நடையை மாற்றவில்லை. ‘குத்திக் காட்டுகிறாள்’ என்று 210க்கு எழுதியிருந்தார். ஆய்வுக் கட்டுரைக்கு ஏற்ற சொல்லா என்று வழிகாட்டி ஆசிரியர் கேட்டாராம். ‘இடித்துரைக்கிறாள்’ என்று மாற்றலாம்தான், ஆனால் அவர் முதன்முதலில் பாடலைப் புரிந்துகொண்ட சொல் அது. வைத்துக்கொள்ளச் சொன்னேன், வைத்துக்கொண்டார்.

விளைவு

அழைப்பிதழில் அச்சான தலைப்பு அப்படியே நின்றது, ‘சொல்ல முடியாததன் குரல்’ என்ற துணைத்தலைப்பு சேர்ந்தது. கருத்தரங்கில் அமர்வுத் தலைவர் 157 பற்றித்தான் கேட்டார்: கூற்றுக் குறிப்பு இல்லாமல் அந்தப் பாடலை அப்படி வாசிக்க முடியுமா? முடியாது, பாடலுக்குள் அதற்குச் சான்று இல்லை, ஆகவேதான் இரண்டு வாசிப்பையும் தனித்தனியாக வைத்தேன் என்று மாணவி பதில் சொல்லியிருக்கிறார். அவர் சொந்தமாக எழுதியதால்தான் அந்தப் பதில் உடனே வந்தது. அகமதிப்பீட்டிலும் நல்ல மதிப்பெண் கிடைத்தது.

தொகுப்பு நூலுக்கான மெய்ப்பு வந்தபோது இன்னொரு சோதனை. அச்சகத்தில் ஒருங்குறி (யூனிகோட்) கோப்பைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றியதில் ‘கரக்கை’ திரும்பி வந்திருந்தது, ‘ஔவையார்’ மறுபடி உடைந்திருந்தது, ஓரிடத்தில் கொம்பு முன்னுக்குப் பின்னாக விழுந்திருந்தது. இவற்றை நான் பார்ப்பதற்கு முன் அவரே கண்டுபிடித்துக் குறித்து அனுப்பிவிட்டார். பிழைகளின் படத்தை எனக்கு அனுப்பி, “இதையெல்லாம் போன வருஷம்னா பார்த்தே இருக்க மாட்டேன் மேடம்” என்று எழுதியிருந்தார். அப்படியும் ஒரு பிழை நூலில் தங்கிவிட்டது: அடிக்குறிப்பு ஒன்றில் 210 என்பது 201 என்று அச்சாகியிருக்கிறது. எண்களை ஒப்பிட்டது மேற்கோள்களோடுதான், அடிக்குறிப்புகளைத் தனியாக யாரும் படித்துப் பார்க்கவில்லை.

வழிகாட்டி ஆசிரியர் இப்போது அகப்பாடல் பற்றிக் கட்டுரை எழுதும் எல்லா மாணவரிடமும் அந்தக் கூற்று அட்டவணையை முதலில் கேட்கிறாராம்.

இனி மாற்றிச் செய்பவை

கட்டுரையை வாங்குவதற்கு முன்பே, எடுத்தாண்ட பாடல்கள் உள்ள பதிப்புப் பக்கங்களின் ஒளிநகலைக் கேட்கிறேன். நூலைத் தொடாமல் எழுதியவர் அந்தச் சாக்கிலாவது நூலகத்துக்குப் போவார், விளக்கத்தில் பாதிப் பிழை என்னிடம் வருவதற்குள் போய்விடும்.

வழிகாட்டி ஆசிரியரோடு செய்துகொள்ளும் உடன்பாட்டைத் தொலைபேசிப் பேச்சோடு விடாமல் சில வரிகளில் எழுதி மூவரும் வைத்துக்கொள்கிறோம். நடையைப் பற்றிய கேள்வி வந்தபோது, யார் முடிவு செய்வது என்பதில் மாணவி நடுவில் மாட்டிக்கொண்டார். அப்படி நேராமல் இருக்க இது உதவுகிறது.

மேற்கோள் அடிகளைத் தட்டும்போது விசைப்பலகையின் சொல் பரிந்துரையை நிறுத்திவைக்கச் சொல்கிறேன். எண்களுக்கென்றே தனியாக ஒரு வாசிப்பு வைக்கிறேன்: பாடல் எண், அடி எண், பக்க எண், ஆண்டு. அந்த வாசிப்பில் வேறு எதையும் பார்ப்பதில்லை. அச்சகத்துக்குக் கோப்பு போகும்போது கூடவே ஒரு பி.டி.எஃப். படியும் போக வேண்டும் என்கிறேன். எழுத்துரு மாறி எழுத்து உடைந்தால், எது சரி என்று அங்கே கணினியில் உட்கார்ந்திருப்பவர் பார்த்துக்கொள்ள அது கையில் இருக்கும்.